முன்னோர் நாள் முடியட்டும்

1832 நவம்பர் 19, திங்கள்

முதலில் மன்னிப்பு. இந்த எழுத்து ஈர மணலில் நண்டு ஓடியது போல இருக்கிறது. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. பாய்க் கயிறு இழுத்து மரத்துப்போன விரல்கள். இறகுப் பேனாவைத் துடுப்பு என்று நினைத்து அழுத்துகின்றன. இன்றைக்கு மட்டும் மூன்று இறகுகளை உடைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன். எழுபது வயதுக்குக் கிட்ட வந்தபிறகு எழுதுகிறேன்! இந்த ஆச்சரியக்குறியையும் இந்த வாரம்தான் கற்றேன். இன்னொன்று போட்டுப் பார்க்கிறேன்!

என் பெயர் அஞ்சப்பன். சொந்த ஊர் தரங்கம்பாடி. என் பெயரில் வரும் ‘ஞ’ சுருட்டி வைத்த கயிறு மாதிரியே இருக்கிறது. இத்தனை காலமும் என் பெயருக்குள் ஒரு கயிறு கிடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. இளவயதில் ஓர் அமெரிக்கக் கப்பலில் வேலைக்கு ஏறி, அமெரிக்காவில் இந்த வெல்ஹேவன் துறைமுகத்தில் காய்ச்சலோடு இறக்கப்பட்டேன். நான் எழுந்து உட்காருவதற்குள் கப்பல் போய்விட்டது. அப்படியே இங்கேயே தங்கிவிட்டேன். இந்த ஊரில் என்னை ஜோப் என்று கூப்பிடுவார்கள்.

இங்கே ஆராதனை நடக்கும் இடத்தைக் கோயில் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கூடும் வீடு என்றுதான் சொல்லவேண்டும். அதைக் கூட்டிப் பெருக்குவது, குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுவது, மணி அடிப்பது, செத்தவர்களுக்குக் குழி வெட்டுவது, எல்லாம் என் வேலை.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் லிடியா அம்மா. இந்த ஊர் வெள்ளைக்காரப் பெண். மிஷனரிப் புருஷனோடு யாழ்ப்பாணம் போய், அங்கே புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மண்ணில் வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பியவர். போன வசந்தத்தில் நான் கல்லறைத் தோட்டத்தில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு புல் அறுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “பெரியவர், நீங்கள் கதைக்கிறது தமிழெல்லே?”

அரிவாளைக் கீழே போட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாக யாரும் என்னோடு தமிழ் பேசியதில்லை. வெள்ளை முகம், யாழ்ப்பாண வாய். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான் வந்தது என்று அவரிடம் சொன்னேன்.

வாரம் ஒரு தடவை நான் எழுதவேண்டும், அவர் திருத்துவார். அதுதான் ஏற்பாடு.

எழுத மறந்தேன். என் மகள் மெர்சிக்குப் போன வியாழக்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. நாள் நிறையாமல் வந்துவிட்டான். முயல்குட்டி அளவு இருக்கிறான். விரல்களெல்லாம் சரியாக இருக்கின்றன.

நவம்பர் 26, திங்கள்

மெர்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. போன வாரம் இதை எழுதத் தாளில் இடம் இருந்தது. எழுதவில்லை.

அவள் அம்மா ஃபீபி கறுப்பினப் பெண். என்னைவிடத் தைரியசாலி. ஆறு வருடத்துக்கு முன் காலமானாள். அதற்குப் பிறகு மெர்சி டீக்கன் ஹோல்ட் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தாள். டீக்கன் என்றால் சபையில் போதகருக்கு அடுத்த பெரிய மனிதர். குழந்தைக்குத் தகப்பன் யார் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

இந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தப்பு செய்தவர் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே உள்ள நடையில் நின்று எல்லார் முன்னாலும் அதைச் சொல்லவேண்டும். ஆண்கள் கை தூக்கினால் மன்னித்துச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவருடைய பிள்ளைக்குத் தண்ணீர் தொட்டு, ஞானஸ்நானம் கொடுத்து, பெயர் வைப்பார்கள். தண்ணீர் தொடுமுன் பெயரை வெளியே சொல்வதும் வழக்கமில்லை. தாய் மனதில் வைத்திருப்பாள்.

மெர்சி படுக்கையிலேயே எல்லாம் யோசித்துவிட்டாள்.

“நான் நின்னு சொல்றேன் அப்பா. எனக்கு வெக்கமில்ல. இவனுக்கு மூச்சு எளைக்குது. சீக்கிரம் பேர் வச்சிடணும்.”

இவர்கள் இங்கிலீஷில் பேசுவதை நான் என் தமிழில் எழுதுகிறேன். ‘அப்பா’ மட்டும் அவள் சொன்னபடியே. அது ஒன்றை நான் சின்னதிலேயே கற்றுக்கொடுத்திருந்தேன்.

இன்று டீக்கன் ஹோல்ட் ஒரு வண்டி விறகு அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்தார். என் வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. தொப்பியைக்கூடக் கழற்றினார்.

“பிள்ளை நல்லா இருக்கானா ஜோப்?”

“மெலிவா இருக்கான் ஐயா.”

“என்ன பேர் வைக்கப்போறா?”

“அவளுக்குத்தான் ஐயா தெரியும். தண்ணி தொடறதுக்கு முன்ன சொல்லமாட்டாளே.”

“அது சரி. உங்கிட்டயாவது சொல்லியிருப்பாளே?”

இல்லை என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். நல்ல ஓக் விறகு. நல்ல மனிதர்.

டிசம்பர் 3, திங்கள்

நேற்று என் கையை எண்ணினார்கள்!

ஆராதனை முடிந்து சபைக்கூட்டம் நடந்தது. போதகர் எழுந்து பேசினார். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி இந்த ஊர் உண்டாகி இருநூறு வருடம் ஆகிறது. இங்கிலாந்திலிருந்து வந்து ஊரை உண்டாக்கியவர்களுக்கு முன்னோர் நாள் என்று பெரிய விழா. பாஸ்டனிலிருந்து பிரமுகர்கள் வருகிறார்கள். “சத்தியத்துக்காகக் கடல் தாண்டிய நம் முன்னோரைப் பற்றி வெளியூரில் கேலி பேசுகிறார்கள். அவர்கள் பேருக்கு இந்த நேரத்தில் ஒரு கறை விழவேண்டாம். மெர்சியின் காரியம் இருக்கிறது. முன்னோர் நாள் முடியட்டும். முப்பதாம் தேதி ஞாயிறு வைத்துக்கொள்வோம். சம்மதமானவர்கள் கை தூக்கலாம்.”

கீழே எல்லா ஆண்களின் கைகளும் எழுந்தன. டீக்கன் ஹோல்ட் கைதான் முதலில். பிறகு போதகர் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். நானும் இன்னும் இரண்டு கறுப்பர் குடும்பமும் உட்காருவது மாடியில். முப்பது வருடமாகச் சபையில் நானும் ஓர் அங்கத்தினன். ஒரு தடவைகூட அந்தத் தலை மேலே திரும்பியதில்லை.

“ஜோப், நீ தகப்பன். உன் கையும் வேண்டும்.”

தூக்கினேன். போதகர், “ஒருமனதாக,” என்றார். கீழே இரண்டு மூன்று பேர் திரும்பி எனக்குத் தலை அசைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மெர்சியிடம் சொன்னேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் குடிக்கவில்லை.

“நீயுமா தூக்கின அப்பா?”

“எல்லாரும் தூக்கினாங்கம்மா. கேட்டாங்க.”

அவள் குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

டிசம்பர் 6, வியாழன்

விழாவுக்காகப் பழைய கல்லறைக் கற்களைத் தேய்த்துப் பாசி எடுக்கிறேன். முதலில் வந்தவர்களின் கற்கள். மண்டையோட்டுக்கு இரண்டு பக்கமும் சிறகு செதுக்கியிருக்கிறது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. இருந்தாலும் விரலால் தடவிப் பார்த்தேன். எழுதினவன் கை நடுங்கவே இல்லை.

டீக்கன் மகன் நேதன் மதிலோரம் வந்து நின்றான். இருபத்துநாலு வயதிருக்கும். விழா ஊர்வலத்தில் அவன்தான் முதல் கவர்னராக வேஷம் போடுகிறான். பெரிய கறுப்புத் தொப்பி, தோளில் அங்கி. அந்தத் தொப்பி கையில் இருந்தது.

“எப்படி இருக்கு ஜோப்?”

“எது தம்பி?”

“குளிர்.”

“இருக்கு.”

இன்னொரு பிரஷை எடுத்து என் பக்கத்தில் மண்டிபோட்டான். ஒரு கல் முழுக்கத் தேய்த்தான். ஒரு குழந்தையின் சின்னக் கல். முடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு, “மெர்சிக்கு...” என்றான். பிறகு, “மெர்சிக்குச் சளி பிடிக்காம பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளிடம் சொன்னேன். அதிலிருந்து இப்போதுவரை அவள் முகம் வெளிச்சமாக இருக்கிறது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

டிசம்பர் 10, திங்கள்

குதிரை லாடம் அடிக்கும் பிரிக்ஸுக்கு வாய் நீளம். மணி நாக்கைச் சீர் பண்ண அவன் பட்டறைக்குப் போனேன்.

“யாருக்கு விழா எடுக்கிறோம்னு தெரியுமா ஜோப்? ஞாயித்துக்கிழமை பொண்டாட்டிக்கு முத்தம் குடுத்தாக்கூடக் காலைக் கட்டையில மாட்டி உக்காரவச்ச ஆளுங்களுக்கு! எங்கயாவது எவனாவது சந்தோஷமா இருக்கானோன்னு பயந்தே செத்தவங்க. உம் மகளை அவங்க கையில குடுத்திருந்தா தோலை உரிச்சிருப்பாங்க. போதகர் புண்ணியவான், தள்ளித்தானே வச்சாரு.”

எழுத்துப் பாடத்துக்குப் போனபோது லிடியா அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் மேலே கோபமாக இருந்தார். போன வாரத் தாளைத் திருத்தவே இல்லை.

“ஏன் கையைத் தூக்கினனீங்கள்?”

“கேட்டாங்களேம்மா.”

“எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. பொம்பிளையளுக்கு இங்க கை இல்லை.” மைக்கூட்டை நகர்த்தி வைத்தார். “பிரிக்ஸ் சொன்னது பாதி உண்மை. அந்த முன்னோருக்குப் பியூரிட்டன் எண்ட பேரே எதிரியள் கேலிக்கு வச்ச பேர். சுத்தம் பாக்கிற ஆக்கள் எண்டு. அடிச்சவை, ஊரைவிட்டுத் துரத்தினவை, தூக்கிலயும் போட்டவை. ஓம், அதெல்லாம் நடந்தது. ஆனா என்ர அம்மம்மாவின்ர அம்மா உங்கட மெர்சியைப் போலதான். வயித்தில பிள்ளையோட அந்த நடையில நிண்டவ. சொன்னா, அழுதா. சபை கை தூக்கிச்சு. அடுத்த கிழமையே திருவிருந்து அப்பம் எடுக்க மற்றவையோட இருந்தா. அதுக்குப் பிறகு அதைப் பற்றி ஆரும் வாய் திறக்கக்கூடாது. அதுவும் அவையின்ர சட்டம்தான்.”

“அப்ப அவங்க நல்லவங்களாம்மா, கெட்டவங்களா?”

“எனக்குத் தெரியேல்லை. ஆனா அவையள் வெக்கத்துக்குப் பயப்பிடேல்லை. இவையள்தான் பயப்பிடுகினம். அவையின்ர பேரைத் துடைச்சுத் துடைச்சு வைக்கினம், அவை திறந்து வச்ச கதவைப் பூட்டிப்போட்டு.”

கடைசியாக, “‘ற’ வடிவா எழுதியிருக்கிறியள்,” என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டது தப்பு என்று வழியில் தோன்றியது.

டிசம்பர் 17, திங்கள்

குழந்தைக்கு இருமல். வெளியே பனி. டீக்கன் பன்றித்தொடை அனுப்பினார். பெயர் தெரிந்ததா என்று வேலைக்காரன் மூலம் கேட்டிருந்தார்.

மை உறைந்துவிட்டது. கக்கத்தில் வைத்து இளக்கி எழுதுகிறேன்.

டிசம்பர் 20, வியாழன்

இன்று போதகர் வீட்டுக்குப் போனேன். விழாப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். மேசை முழுக்கத் தாள்.

“ஐயா, பிள்ளைக்கு மூச்சு வாங்குது. வீட்டுக்கு வந்து தண்ணி தொட்டுப் பேர் வச்சிடுங்க. எங்க ஊர்ல, தரங்கம்பாடியில, சாகக்கெடக்கிற பிள்ளைன்னா பாதிரியார் ஓடியே வருவாரு.”

அவர் எழுந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். குரல் மிருதுவாகத்தான் இருந்தது.

“ஜோப், வீட்டுக்குள்ளே அவசரத் தண்ணீர் தெளிப்பது ரோமாபுரிக் கத்தோலிக்கர் வழக்கம். அதையெல்லாம் விட்டுத்தான் நம் முன்னோர் கடல் தாண்டி வந்தார்கள். பெயர் வைப்பது கூடிய சபைக்கு முன்னால் மட்டும்தான். இரட்சிப்பு தண்ணீரில் இல்லை. பிள்ளை கர்த்தர் கையில் இருக்கிறது.”

“சபைக்கு முன்னாலதானே ஐயா அவளும் கேட்டா. போன மாசமே கேட்டா.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “இன்னும் பத்து நாள்தானே. முன்னோர் நாள் முடியட்டும்.”

மெர்சி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். 

டிசம்பர் 22, சனி

மணி அடித்தேன்.

டிசம்பர் 25, செவ்வாய்

கிறிஸ்து பிறந்த நாளை இந்த ஊரில் கொண்டாடுவதில்லை. பைபிளில் தேதி இல்லை என்று முன்னோர் விட்டுவிட்டார்கள். கடைகள் திறந்திருக்கின்றன. பிரிக்ஸ் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது.

சனிக்கிழமையை இன்று எழுதுகிறேன். முடிந்தவரை.

வருடத்துக்கு ஒன்றாக இருநூறு தடவை மணி அடிக்கவேண்டும் என்று ஏற்பாடு. காலையில் குழந்தை வாயைத் திறந்தபடி மூச்சு விட்டான். நான் கோபுரத்துக்குப் போகவா வேண்டாமா என்று நின்றேன். “போ அப்பா, லிடியா அம்மா இருக்காங்க,” என்றாள் மெர்சி. போனேன். கீழே ஊர்வலம். நேதன் பெரிய தொப்பியோடு முன்னால் நடந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் கயிற்றை இழுத்து எண்ணிக்கொண்டே இருந்தேன். பாதி தாண்டியிருக்கும். கோபுரத்தின் அடியில் லிடியா அம்மா வந்து நின்றார். தலையில் முக்காடு இல்லை, பனி விழுந்துகொண்டிருந்தது.

கயிற்றை விடப்போனேன்.

“விடாதேங்கோ பெரியவர்,” என்றார். “அடிச்சு முடிச்சுப்போட்டே வாங்கோ. இனி அவசரம் இல்லை.”

முடித்தேன். எண்ணிக்கை தப்பவில்லை.

ஞாயிறன்று வேலை செய்யக்கூடாது. அதனால் நேற்று குழி வெட்டினேன். மண் கல்லாக உறைந்திருந்தது. அதன்மேல் விறகைப் பரப்பித் தீ மூட்டி, இளகவிட்டு வெட்டினேன். டீக்கன் கொடுத்த ஓக் விறகு நின்று எரிந்தது. எத்தனையோ குழி வெட்டியிருக்கிறேன். சின்னக் குழிக்குத்தான் முதுகு அதிகம் வளையவேண்டியிருக்கிறது.

மெர்சியும் லிடியா அம்மாவும் நானும் நின்றோம். போதகர் வந்து நன்றாக ஜெபித்தார். ‘இந்தக் குழந்தை’ என்றுதான் சொன்னார். சொல்வதற்குப் பெயர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் தானே கல்லில் கீறினதாக லிடியா அம்மா வழியில் சொன்னார். 

டிசம்பர் 31, திங்கள்

நேற்றுத்தான் அவர்கள் குறித்த ஞாயிறு.

காலையில் மெர்சி தன் அம்மாவின் பழுப்பு உடையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“இனி எதுக்கும்மா?” என்றேன். “யாரும் உன்னைக் கேக்கப்போறதில்ல.”

“நாள் குறிச்சிருக்காங்கல்ல. நான் வர்றேன்னு சொன்ன சொல்லு அப்படியே இருக்கே அப்பா.”

நான் மாடிக்கு ஏறினேன். மாடியிலிருந்து எல்லாம் தெரியும். டீக்கன் ஹோல்ட் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் நேதன். பிரசங்கம் முடிந்ததும் மெர்சி பின்வாசலிலிருந்து நடந்து வந்து நடையின் நடுவில் நின்றாள். போதகர் அவளை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். புத்தகத்தை மூடி மறுபடியும் திறந்தார்.

“சொல், மகளே. சுருக்கமாகச் சொன்னால் போதும்.”

“கல்யாணம் ஆகாம ஒரு பிள்ளை பெத்தேன். அது பாவம். மறைக்கல, மன்னிப்புக் கேக்கறேன்.”  ஃபீபியின் குரல். “இங்க தண்ணி தொடும்போது சொல்லணும்னு ஒரு பேர் வச்சிருந்தேன். வேற எங்கயும் அதைச் சொல்லல. இப்ப சொல்லிடறேன். அவன் பேர் நேதன். நேதன் ஹோல்ட்.”

ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. நேதன் பாதி எழுந்துவிட்டான். டீக்கன் அவன் தோள்மேல் கையை வைத்தார். அழுத்தினமாதிரிகூடத் தெரியவில்லை. வெறுமனே வைத்தார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

போதகர் சங்கீதம் எந்தப் பக்கம் என்று தேடினார். மெர்சி அங்கேயே நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பெண்கள் வரிசையில் ஒரே ஒரு கை எழுந்தது. லிடியா அம்மா.

“பெண்களுக்கு இதில் கை இல்லை, அம்மணி,” என்றார் போதகர். கை இறங்கவில்லை. நானும் தூக்கினேன். யாரும் மேலே பார்க்கவில்லை.

அந்த மாடிப்படிகளில் சத்தம் வராமல் இறங்க முப்பது வருடமாகப் பழகியிருக்கிறேன். நேற்றுச் சத்தம் வரும்படியே இறங்கினேன். அந்த நடையை வாரம்தோறும் கூட்டியிருக்கிறேன். ஆராதனை நடக்கும்போது அதில் நின்றதில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“வாம்மா, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னும் முடியல அப்பா,” என்றாள் மெதுவாக. கண் முன்வரிசையிலேயே இருந்தது. “சொல்லிட்டேனே. அவங்க கை தூக்கணும்.”

“தூக்கமாட்டாங்கம்மா.”

“அவங்கதானே நாள் குறிச்சாங்க.”

 சங்கீதம் ஆரம்பித்தது. ஒரு அடி, இரண்டு அடி பாடினார்கள். அவள் அசையவில்லை. பாட்டு முடியும்வரைக்கும் நின்றோம். பிறகு அவளாகவே திரும்பினாள். நான் கதவைத் திறந்தேன். போதகரின் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் யாரும் அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இன்று காலை டீக்கன் வீட்டு வேலைக்காரன் வந்து கூடும் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். மெர்சி நாளை மறுநாள் பாஸ்டன் வண்டியில் போகிறாள். லிடியா அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் தையல் வேலை. “நீயும் வா அப்பா,” என்றாள். அந்தச் சின்ன மண்ணைத் தனியாக விட்டுவிட்டு வரமுடியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தூக்கின கை அது. அன்றைக்கு ஒரு தடவை கேட்டதோடு சரி, அதைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.

வரும் திங்கள் உட்கார்ந்து எழுதுவேன். கூட்டவும் மணி அடிக்கவும் இனி போகவேண்டியதில்லை. எழுத நேரம் நிறைய இருக்கும்.